கொம்பைலர்: தொகுப்பியா, பெயர்ப்பியா?

கொம்பைலருக்குத் தமிழ் என்ன என்று கொழும்பில் கேட்டால் மூன்று விடை வரும். உயர்தரத்தில் ஐசிடி படிக்கிற பிள்ளை தொகுப்பான் அல்லது தொகுப்பி என்று சொல்லும், தமிழ்நாட்டுப் புத்தகங்களோடு பழகினவர் நிரல்பெயர்ப்பி என்பார், மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறவர் ‘கொம்பைலர்தான், வேறென்ன’ என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். மூன்றாமவரோடு எனக்குச் சண்டையில்லை. முதல் இரண்டும்தான் சிக்கல், ஏனென்றால் ஒன்று அந்தச் சொல் பிறந்த கதையைத் தமிழாக்குகிறது, மற்றது அந்தச் சாமான் இன்றைக்குச் செய்கிற வேலையை.

பொருள் என்ன? மனிதர் வாசிக்கக்கூடிய நிரலை, அதாவது புரோகிராமை வாங்கி, இயந்திரம் ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் இன்னொரு நிரல்தான் கொம்பைலர். இன்டர்பிரிட்டர் அப்படி மாற்றி வைக்காது, ஒவ்வொரு கூற்றாக எடுத்து அப்போதைக்கப்போதே நிறைவேற்றும். புதுக்கடை நீதிமன்றத்தில் சாட்சி சிங்களத்தில் சொல்லச் சொல்லத் தமிழில் சொல்லிக்கொண்டு நிற்கிறாரே உரைபெயர்ப்பாளர், அவர் இன்டர்பிரிட்டர்; வர்த்தமானியை மேசையில் வைத்து முழுக்க மொழிபெயர்த்துக் கொடுப்பவர் கொம்பைலர். பரீட்சைக்கு இது போதும். நடைமுறையில் இந்த எல்லை எப்போதோ கலங்கிவிட்டது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகள் நிரலை ஓடவிட்டுப் பார்த்து, அடிக்கடி ஓடுகிற துண்டுகளைப் பிடித்து, ஓட்டத்தின் நடுவிலேயே அவற்றை இயந்திரக் கட்டளையாக மாற்றிக்கொள்கின்றன.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? லத்தீனில் ‘கொம்பிலாரே’ என்றால் கொள்ளையடித்தல், சூறையாடுதல். அடுத்தவர் எழுதியதை அள்ளியெடுத்து நூலாக்குகிறவரைக் குறிக்கப் போய், பிறகு மரியாதையான ‘தொகுத்தல்’ ஆயிற்று. (சிங்களத்தில் இதற்கு வழங்கும் சொல் ‘சம்பாதக’, அதே வடமொழி வேரிலிருந்துதான் நம் ‘சம்பாதிப்பு’. ஒரு பக்கம் கொள்ளை, ஒரு பக்கம் சம்பாத்தியம்.) கணினிக்குள் இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி கிரேஸ் ஹொப்பர். 1952 வாக்கில் யுனிவாக் இயந்திரத்துக்கு அவர் செய்த ஏ-0 என்ற நிரல், நாடாவில் சேமித்து வைத்திருந்த சின்னச் சின்ன நிரல்துண்டுகளை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒவ்வொன்றாக எடுத்துவந்து, முகவரிகளைத் திருத்தி, ஒரே நிரலாக அடுக்கிக் கொடுத்தது. அது தொகுத்தலேதான், அந்தப் பெயர் அன்றைக்குச் சரி. இன்று அந்த வேலையைச் செய்வது கொம்பைலர் இல்லை, அதற்குப் பின்னால் வருகிற இணைப்பி.

ஆகவே தொகுப்பி என்பது 1952ஆம் ஆண்டின் சாமானுக்கான தமிழ். சொல்லாக அழகானதுதான். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று படித்திருப்போம். அந்த மரபில் வந்த சொல். ஆனால் தொகுப்பான் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அழிப்பான் போல ஒரு கருவிப்பெயர் என்று நினைத்து ஆக்கியிருக்கிறார்கள், வாக்கியத்தில் போட்டதும் ‘அவன் நாளைக்குத் தொகுப்பான்’ என்று வினைமுற்றாக நிற்கிறது. இன்னொரு வேடிக்கை: 1987இல் வெளிவந்த ஜிசிசி என்ற கொம்பைலர், 1999இல் தன் பெயரை ‘கொம்பைலர்களின் தொகுப்பு’ என்று பொருள்படும்படி விரித்துக்கொண்டது. அதைத் தமிழாக்கினால் தொகுப்பித் தொகுப்பு.

பெயர்ப்பு என்று சொன்னால் முழுதும் வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. ஐபிஎம் 704 இயந்திரத்துக்காக ஜோன் பக்கஸ் குழு 1957இல் வெளியிட்ட, போர்ட்ரான் என்ற நிரல்மொழிக்கான கொம்பைலர் விஷயத்தில் இருந்த பெரிய பயமே, அது தரும் கட்டளைகள் கையால் எழுதியதைவிட மந்தமாக ஓடினால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்பதுதான். அதனால் பெயர்ப்பதோடு விடாமல் சீர்படுத்தவும் செய்தார்கள், இந்தத் துறையின் ஆராய்ச்சியில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளைத்தது. ஐபிஎம் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் அலன் 1966இல் எழுதிய கட்டுரையும் சக ஆராய்ச்சியாளர் ஜோன் கொக்கோடு சேர்ந்து செய்த வேலைகளும் அதற்கு ஒழுங்கான இலக்கணம் கொடுத்தன. கணினித் துறையின் ஆக உயர்ந்த விருதான டியூரிங் விருது 2006ஆம் ஆண்டுக்கு அலனுக்குக் கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

என்ன சீர்படுத்தல் என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஆயிரம் தடவை சுற்றும் வளையத்துக்குள் (லூப்) ‘விநாடி = 24 * 60 * 60’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கொம்பைலர் பெருக்கலைத் தானே செய்து 86400 என்று எழுதிவிடும், ஒவ்வொரு சுற்றிலும் மாறாதது என்பதால் அந்த வரியை வளையத்துக்கு வெளியே தூக்கிப்போடும், ‘விநாடி’யைப் பிறகு எங்கேயும் பயன்படுத்தவில்லையென்றால் வரியையே அழித்துவிடும். வேகத்தை அளக்க வெறும் வளையம் ஒன்றை எழுதி, விடையை எங்கும் பயன்படுத்தாமல் விட்டால், வளையம் மொத்தமும் காணாமற்போய் நேரம் பூச்சியம் என்று வருவதும் இப்படித்தான்.

இந்த வேலைக்குத் தமிழில் உகப்பாக்கம் என்கிறார்கள். மூலச்சொல்லான ‘ஒப்டிமைசேஷன்’ லத்தீனில் ‘ஆகச் சிறந்தது’ என்பதிலிருந்து வந்தது. ஆனால் எந்த நிரலைக் கொடுத்தாலும் அதற்கு ஆகச் சிறந்த வடிவத்தைத் தரும் கொம்பைலர் இருக்கவே முடியாது. அப்படி ஒன்று இருந்தால், ஒரு நிரல் நிற்குமா நிற்காதா என்ற தீர்க்கமுடியாத கேள்விக்கே அது விடை சொல்லிவிடும். உகத்தல் என்றால் விரும்புதல், மகிழ்தல். உகந்தது என்றால் ஏற்றது, அவ்வளவுதான். மூலத்தைவிட நம் சொல் நேர்மையானது என்பேன்.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற சங்கதியும் இல்லை. பலெரினா என்ற நிரல்மொழியை டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் கொழும்பிலிருந்துதான் உருவாக்கியது, அதன் 1.0 பதிப்பு 2019இல் வந்தது. அதன் கொம்பைலர் ஜாவாவின் இடைநிலைக் குறியீடாகப் பெயர்க்கிறது, அதை இயந்திரக் கட்டளையாக்கி உகப்பாக்குவது ஜாவாவின் பாடு.

எழுத்தில் நான் நிரல்பெயர்ப்பி என்றே போடுகிறேன், ஒரு பந்தியில் இரண்டாம் தடவை வந்தால் பெயர்ப்பி. கிளைச்சொற்களும் இதிலிருந்து இலேசாக வரும்: கொம்பைல் பண்ணும்போது வரும் பிழை பெயர்ப்புப் பிழை, ஓடும்போதே மாற்றுவது ஓட்டநேரப் பெயர்ப்பு, திருப்பி மூலநிரலாக்குவது மீள்பெயர்ப்பு. தொகுப்பியில் தொடங்கினால் இந்தக் கடைசிச் சொல்லுக்கு ‘தொகுப்புநீக்கி’ என்று ஏதாவது செய்யவேண்டி வரும், அதை யார் வாசிப்பது? உயர்தரப் பரீட்சை எழுதுகிறவர்கள் மட்டும் பாடப்புத்தகத்தில் இருப்பதையே எழுதுங்கள், புள்ளி போடுகிறவருக்கு இந்தக் கதையெல்லாம் தேவையில்லை.