அவர் மாறாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் முதல் அரை மணி நேரம் அடுத்தவரைப் பற்றித்தான் பேசுவார்கள். மேலதிகாரி, வாழ்க்கைத் துணை, மாமியார், கூடப் பிறந்தவர். சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இருக்கும். காயம்பட்டு வந்தவரிடம் "உங்கள் பக்கமும் தப்பு இருக்குமே" என்று ஆரம்பிப்பது கொடுமை, அதை நான் செய்வதில்லை. ஆனால் ஒரு கட்டத்தில் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது: "சரி, அவர் கடைசிவரை மாறவே போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

பலருக்கு இந்த இடத்தில் கோபம் வரும். "தப்பு செய்தது அவர், நான் ஏன் மாற வேண்டும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். நடந்ததற்கு அவரே பொறுப்பு. ஆனால் அதன்பிறகு நீங்கள் தூங்காமல் புரள்வதையும், குழந்தையிடம் எரிந்து விழுவதையும், வேலையைப் போட்டது போட்டபடி விடுவதையும் அவர் வந்து சரிசெய்யப் போவதில்லை.

பதவி உயர்வு கைநழுவிப்போன ஒருவரைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஒரு தாளில் மூன்று கட்டம் போடச் சொன்னேன்: என்ன நடந்தது, மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டேன், என்ன செய்தேன். உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950-களில் உருவாக்கிய பேச்சு சிகிச்சை முறையை ஒட்டிய பயிற்சி இது. முதல் கட்டத்தை மளமளவென்று நிரப்பினார்: தன்னைவிட இளையவருக்குப் பதவியைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதும் வந்துவிட்டது: வீட்டில் யாரோடும் பேசவில்லை, அலுவலகக் கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. நடுக்கட்டம் மட்டும் காலி. "அப்படி ஒண்ணும் நினைக்கலைங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சின்ன எழுத்தில் எழுதினார்: 'எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.' யாரும் சிரித்து அவர் பார்க்கவில்லை. ஆனாலும் மூன்றாவது கட்டத்தில் இருந்ததெல்லாம் அந்த ஒரு வரிக்கான பதில்தான்.

அவருக்கு அதன்பிறகும் பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஏன் என்று மேலதிகாரியிடம் நேரடியாகக் கேட்டார், மழுப்பலான பதில் வந்தது. அப்புறம் வேறு இடங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினார். வீட்டில் மறுபடி பேச ஆரம்பித்தார். எனக்கு இதுவே பெரிய விஷயமாகப் படுகிறது.

"என்னால் ஒன்றும் ஆகாது" என்று உட்கார்ந்துவிட்டவரைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், என்ன செய்தும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பல, பிறகு தாண்டித் தப்பிக்க வழி இருந்தபோதும் அப்படியே கிடந்தன. கையாலாகாத நிலையை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கினார்கள். 2016-இல் அதே இருவரும் மூளை ஆய்வுகளை வைத்து அந்த விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்குவது தானாகவே நடப்பது, 'என்னால் ஏதோ ஒன்றை மாற்ற முடியும்' என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். அறிவுரையால் அது உள்ளே இறங்காது, செய்து பார்த்தால்தான் இறங்கும். அதனால் ஒரே நாளில் முடிகிற வேலையாகப் பார்த்துக் கொடுப்பேன். தள்ளிப்போட்ட ஒரு போன் அழைப்பு, பிரிக்காமல் வைத்திருக்கும் ஒரு வங்கிக் கடிதம், அவ்வளவு போதும்.

கோபம் தலைக்கேறும் நேரத்தில் நிதானமாக யோசிக்க முடியாது. முடிவை முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். "பொறுமையாக இருப்பேன்" என்ற தீர்மானம் சண்டையின் மூன்றாவது வாக்கியத்திலேயே காணாமல் போய்விடும். "அவர் குரலை உயர்த்தினால், 'பத்து நிமிஷம் கழித்துப் பேசலாம்' என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன்" என்ற அளவுக்குத் துல்லியமாக இருந்தால் பலன் உண்டு. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். அடி உதை நடக்கும் வீட்டில் இருப்பவரிடம் "உன் மனசை மாத்திக்கோ" என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர் செய்ய வேண்டியது பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், நம்பகமான ஒருவரிடம் சொல்வதும், சட்ட உதவி கேட்பதும்தான். அதேபோல இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் மனவுறுதியால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குப் பேச்சு சிகிச்சையும் மருந்தும் உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி, அவரையே கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.