"என்னிடம் யாரும் குறை சொன்னதே இல்லை" என்கிற சீஃப்களுக்கு

இந்த வருடத்தில் இது மூன்றாவது. வயிற்று ஆபரேஷன் முடிந்து மூடப்போகிற நேரம், கருவிகள் எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரப் சிஸ்டர் மெதுவாக "சார், ஒரு மாப் குறையுது" என்றார். மாப் என்பது இரத்தத்தை ஒற்றி எடுக்க வயிற்றுக்குள் வைக்கும் துணி. சீஃப் சர்ஜன் நிமிரக்கூட இல்லை. "ஒழுங்கா எண்ணத் தெரியாதா? திரும்ப எண்ணு." திரும்ப எண்ணினார்கள், ஒன்று குறைந்தது. "பக்கெட்ல கிடக்கும் பாரு." அங்கேயும் இல்லை. கடைசியில் சலித்துக்கொண்டே கையை உள்ளே விட்டவர், மண்ணீரலுக்குப் பக்கத்திலிருந்து அதை உருவி எடுத்துப் போட்டார். சிஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

உள்ளே தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்கப்போவதில்லை. நான் மயக்க மருத்துவர், இருபது வருடமாக நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவன். (சர்ஜனுக்கு வயிறுதான் தெரியும், எங்களுக்குத்தான் சுற்றி நிற்பவர்களின் கண்கள் தெரியும்.) அந்த சிஸ்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் மூன்று தடவை தட்டைப் பார்த்தார், இரண்டு தடவை சீஃபைப் பார்த்தார். அந்த நேரமெல்லாம் யோசித்தது எண்ணிக்கையை அல்ல, திட்டு வாங்கத் தயாரா என்பதைத்தான்.

எனக்குக் கோபம் வந்தது அப்புறம், டீ குடிக்கும்போது. "நம்மகிட்ட யாரு வேணா எதுவேணா சொல்லலாம் டாக்டர். பதினஞ்சு வருஷத்துல ஒருத்தர் குறைன்னு வந்து நின்னதில்ல" என்றார் அதே சீஃப், பெருமையாக. இதை எத்தனை சீஃப்களிடம் கேட்டிருக்கிறேன்! பதினைந்து வருடம் ஒருவரும் குறை சொல்லவில்லை என்றால் குறை இல்லை என்று அர்த்தமா? ஐயா, நம் ஊரில் சாம்பாரில் உப்பு கூடினாலே மாமனாரிடம் யாரும் சொல்வதில்லை. உங்கள் அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து யாரும் உள்ளே வருவதில்லை. போன தடவை உள்ளே போனவன் எந்த முகத்தோடு வெளியே வந்தான் என்பதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். நீங்கள் ஒரு சிஸ்டரைத்தான் அதட்டினீர்கள், ஆனால் மாலைக்குள் மூன்று ஷிப்டுக்கும் செய்தி போய்விடுகிறது. உங்களுக்கு மட்டும்தான் அது மறந்துபோகிறது. அமைதியாக இருக்கிற தியேட்டர் ஒழுங்கான தியேட்டர் என்று நினைக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் வயிற்றைப் பிசையும்.

விமானத்துறை இதற்குப் பெரிய விலை கொடுத்தது. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃப் தீவு, பனிமூட்டம், ஒரே ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள். கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தில் 747 ஓட்டக் கற்றுக்கொடுத்த மூத்தவர். விமானம் ஓட ஆரம்பித்த பிறகு ஃப்ளைட் எஞ்சினியர், அந்த இன்னொரு விமானம், பான் அமெரிக்கன், இன்னும் பாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். எஞ்சினியர் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டும் மோதின. இறந்தவர்கள் 583 பேர். அடுத்த வருடமே அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இன்னொரு விமானம், சக்கரக் கோளாறிலேயே கேப்டனின் கவனம் நின்றுபோய், எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவதைப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்தான், ஆனால் பட்டும் படாமலும். அதற்கு அப்புறம்தான், கீழே இருப்பவனுக்குப் பேசவும் கேப்டனுக்குக் கேட்கவும் சேர்த்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். நாம் இன்னும் சிஸ்டர்களுக்கு மட்டும் "தைரியமா பேசுங்க" என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொடுத்த அறுவை சிகிச்சை செக்லிஸ்டில், கத்தி வைக்கும் முன் எல்லோரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. "எல்லாரும் தெரிஞ்சவங்கதானே" என்று அதைத்தான் முதலில் தாண்டுகிறோம். ஒருமுறை வாயைத் திறந்தவருக்கு இரண்டாம் முறை திறப்பது சுலபம், அதற்காகத்தான் அந்த வரி.

நானும் யோக்கியன் இல்லை. நோயாளியின் மூச்சுக்குழாயில் ட்யூப் போடும்போது ஒரு பிஜி (முதுநிலை) மாணவர் "சார், சாச்சுரேஷன் இறங்குது" (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) என்றதற்கு "தெரியும், வாயை மூடு" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்துதான் இருந்தது. ஆனால் அடுத்த இரண்டு மாதம் அந்தப் பையன் மானிட்டரைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், ஒன்றும் சொல்ல மாட்டான். மன்னிப்புக் கேட்ட பிறகும் சரியாக வெகுநாள் ஆனது. இப்போதெல்லாம் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று நான் கேட்பதில்லை, அதற்கு எல்லோரும் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். "இந்தக் கேஸ்ல உனக்கு எது பயமா இருக்கு?" என்று கேட்கிறேன், ஏதாவது ஒன்று வருகிறது.

சீஃப்களே, தயவுசெய்து. ஒருவர் தப்பு என்று சொன்னால் கையை நிறுத்துங்கள், "சரி, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் பக்க நியாயத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது. உங்கள் குணத்தைப் பற்றிய புகார் என்றால் யார் சொன்னது என்று துப்பறியாதீர்கள், இந்த வேலையில் நம்மில் பலர் கெட்டிக்காரர்கள். புகாருக்கு என்ன செய்தீர்கள் என்பதை ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் அதையும்.

இன்னொன்று. சிஸ்டர் குறைகிறது என்பார், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எண்ணினால் சரியாக இருக்கும், பத்து நிமிடம் வீணாகியிருக்கும், அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கும். அன்றைக்கு நீங்கள் என்ன முகம் காட்டுகிறீர்கள் என்றுதான் மொத்தத் தியேட்டரும் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கும் "நல்லதாப்போச்சு சிஸ்டர், அடுத்த தடவையும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தையலைத் தொடருங்கள்.