தந்திக் கம்பி ஏன் கம்பத்தில் ஏறியது?

1838-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வணிகக் குழுத் தலைவர் பிரான்சிஸ் ஸ்மித். மெய்ன் மாநிலத்து உறுப்பினர், தொழில் வக்கீல். சாமுவேல் மோர்ஸ் தன் தந்திக் கருவிக்கு அரசுப் பணம் கேட்டபோது, ஸ்மித்தின் குழு அதை வானளாவப் புகழ்ந்து அறிக்கை தந்தது. புகழாமல் என்ன செய்வார்? காப்புரிமையில் அவருக்குக் கால் பங்கு என்று அதற்கு முந்தைய மாதமே ஒப்பந்தம் முடிந்திருந்தது. சபைக்கு மட்டும் அது தெரியாது.

பணம் கிடைக்க 1843 ஆகிவிட்டது. 89-க்கு 83 என்று தட்டுத்தடுமாறித் தேறிய மசோதா தந்தது 30,000 டாலர். அதற்குள் பதவியை விட்டு வந்திருந்த ஸ்மித், வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் நடுவே கம்பி புதைக்கக் குழி வெட்டும் ஒப்பந்தத்தைத் தானே எடுத்தார். மண்ணைக் கீறி, குழாயை இறக்கி, உடனே மூடிவிடும் கலப்பை ஒன்றை அவருக்குச் செய்து கொடுத்தவர் எஸ்ரா கார்னெல்.

கலப்பை நன்றாகத்தான் உழுதது. கோளாறு குழாய்க்குள் இருந்தது. பருத்தி நூல் சுற்றி அரக்கு பூசிய செம்புக் கம்பிகளை ஈயக் குழாய்க்குள் விட்டிருந்தார்கள். குழாய் வார்க்கும்போதே ஈயத்தின் சூடு அந்த உறையைப் பாழாக்கிவிட்டது. ஈயமும் மின்சாரம் கடத்தும். உறை போன இடத்திலெல்லாம் கம்பி ஈயத்தைத் தொட்டது. மின்கலத்திலிருந்து கிளம்பிய மின்னோட்டம் ஓட்டைக் குழாய்த் தண்ணீர்போல வழியிலேயே போய்விட்டது. மறுமுனையில் ஒரு மின்காந்தம் இரும்பு நெம்புகோலை இழுத்தால்தான் காகிதத்தில் கோடு விழும். இழுக்குமளவு மின்னோட்டம் அங்கே போய்ச் சேரவே இல்லை.

பத்திரிகைக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தால் மானம் போய்விடும். கார்னெல் கலப்பையை வேண்டுமென்றே பாறையில் மோதி உடைத்து, வேலை நின்றதற்கு ஒரு சாக்கு உண்டாக்கினார். பணத்தில் பெரும்பகுதி அதற்குள் கரைந்திருந்தது.

பிறகுதான் கம்பங்கள் வந்தன. காற்று மின்சாரத்தைக் கடத்தாது. அந்தரத்தில் தொங்கும் கம்பிக்கு வழிநெடுக உறையே வேண்டாம். கம்பத்தைத் தொடும் இடத்தை மட்டும் காத்தால் போதும். மழையில் நனைந்த மரம் மின்சாரத்தைக் கசியவிடும் என்பதால் அங்கே கண்ணாடி வைத்தார்கள். மைல் கணக்கில் காக்க வேண்டியிருந்தது, கம்பத்துக்கு ஓர் இடமாகச் சுருங்கிவிட்டது. 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து முறைப்படி அனுப்பிய முதல் செய்தி பால்டிமோரைச் சேர்ந்தது.

வெட்டாத குழிக்கும் கூலி கேட்டு ஸ்மித் மோர்ஸோடு மல்லுக்கு நின்றார். பின்னர் நியூயார்க்–பாஸ்டன் தந்தித் தடத்தைக் கம்பம் நட்டே போட்டார். செலவைச் சுருக்கிப் போட்டதால் அது அடிக்கடி அறுந்து தொங்கியது.