மின்கிட்டாரின் குரல் எங்கே பிறக்கிறது?

மரக்கடையில் கிடைக்கும் பிளாக்போர்டையும் (மரத்துண்டுகளை அடுக்கி ஒட்டிய பலகை, blockboard) ரப்பர் மரப் பலகையையும் வைத்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் ரம்பம், உளி, அரம், கைத்துளைப்பான் ஆகியவற்றைக் கொண்டே ஒரு மின்கிட்டார் செய்ய முடியுமா, செய்தால் அதன் ஒலி கேட்கும்படி இருக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் விசாரித்த இடங்களிலெல்லாம் மகோகனி, மேப்பிள், ஈட்டி என்று விலையுயர்ந்த மரங்களின் பெயர்களையே சொன்னார்களாம். முடியும் என்பதே என் பதில். ஒலியும் நன்றாகவே இருக்கும். அதற்குச் சான்றாக உலகப் புகழ் பெற்ற ஒரு கிட்டாரே இருக்கிறது.

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், லண்டன் நகரை ஒட்டிய ஃபெல்தமில், பிரையன் மே என்ற பதினாறு வயது மாணவர், மின்னணுப் பொறியாளரான தம் தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். கடைகளில் விற்ற ஃபெண்டர், கிப்சன் கிட்டார்கள் அந்தக் குடும்பத்துக்கு எட்டாத விலையில் இருந்தன. குடும்ப நண்பர் ஒருவர் தூக்கி எறியவிருந்த, குளிர்காயும் கணப்பின் மேல் பொருத்தப்பட்டிருந்த பழைய மகோகனிச் சட்டம் கிட்டாரின் கழுத்தாயிற்று. அதில் புழு அரித்திருந்த துளைகளைத் தீக்குச்சிகளைச் செருகி அடைத்தார்கள். உடற்பகுதிக்குப் பிளாக்போர்டும், பழைய மேசை ஒன்றின் ஓக் பலகையும் போதுமானவையாக இருந்தன. மேலே மகோகனி ஏடு ஒட்டியதால் பார்வைக்கு அது ஒரே மரம்போலத் தோன்றுகிறது. தந்தியின் சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல் அமைப்பு ஒரு கத்தி முனையின்மீது அமர்ந்து, 1928ஆம் ஆண்டின் பாந்தர் மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த இரண்டு வால்வு சுருள்வில்களின் எதிர்விசையில் இயங்குகிறது. விரற்பலகையின் அடையாளப் புள்ளிகள் அவருடைய தாயாரின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்து, 8 பவுண்டு அளவே செலவிட்டுச் செய்த அந்தக் கிட்டாரைத்தான் அவர் பிரிட்டனின் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவான குவீனில் பல்லாண்டுகள் வாசித்தார். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமீது நின்று வாசித்ததும் அதே கருவியைத்தான். இதே மனிதர், இசைக்காக இடையில் நிறுத்திவைத்திருந்த வானியற்பியல் ஆய்வை முடித்து, 2007இல் சூரியக் குடும்பத்துத் தூசு மண்டலம் பற்றிய ஆய்வேட்டுக்காக முனைவர் பட்டமும் பெற்றார்.

பிளாக்போர்டும் பழைய மேசையும் எப்படி இவ்வளவு நல்ல குரலைத் தந்தன? ஒரு மெல்லிய தந்தி தானாகக் காற்றை அதிகம் தள்ளுவதில்லை. வீணையிலும் சாதாரணக் கிட்டாரிலும் தந்தியின் அதிர்வை, தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற சிறு கட்டை வாங்கி மேற்பலகைக்குக் கொடுக்க, அந்த அகன்ற பலகைதான் காற்றை அசைத்து ஒலியை நம் காதுக்கு அனுப்புகிறது. ஆகவே, தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் தேடுவதில் முழு நியாயம் இருக்கிறது. அங்கே மரமே ஒலிபரப்பி. திண்ம உடல் கொண்ட மின்கிட்டாரில் ஒலிபெருக்கிக்குப் போவது மரத்தின் அதிர்வு அன்று. தந்திகளுக்கு அடியில் பொருத்தியிருக்கும் பிக்கப் என்ற கம்பிச்சுருளில் தோன்றும் மின்னழுத்தம் மட்டுமே போகிறது. வணிக அளவில் வெற்றி பெற்ற முதல் மின்கிட்டார்களில் ஒன்றான ரிக்கன்பேக்கரின் ‘வாணலி’க் கிட்டாரின் உடல் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றின் மீது தந்தி கட்டி வாசித்தார். கட்டையின் தோற்றம் கேட்பவர்களுக்கு உறுத்தியதால்தான் பக்கங்களில் கிட்டார் வடிவத்துண்டுகளை ஒட்டினார்.

இனி அந்தக் கம்பிச்சுருளுக்கு வருவோம். பள்ளியில் படித்த ஃபாரடேயின் விதியை நினைவுபடுத்திக்கொண்டால் போதும்: ஒரு சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்பாயம், அதாவது காந்தப்புலத்தின் மொத்த அளவு, மாறும்போது அதில் மின்னழுத்தம் தோன்றும், சுற்றுகளின் எண்ணிக்கையும் பாயம் மாறும் வேகமும் கூடக்கூட அந்த மின்னழுத்தமும் கூடும். வகுப்பறைச் சோதனையில் நாம் காந்தத்தை நகர்த்துகிறோம். கிட்டாரிலோ காந்தமும் சுருளும் அசையாமல் இருக்கின்றன. அசைவது எஃகுத் தந்தி. சாதாரண எஃகுத் தந்தி அசைவதால் மின்சாரம் எப்படி வரும் என்பதில்தான் இந்தக் கருவியின் அழகு இருக்கிறது. அடியிலுள்ள நிலைக்காந்தம், தனக்கு நேர் மேலே இருக்கும் தந்தியின் சிறு பகுதியைக் காந்தமாக்கிவிடுகிறது. அந்தத் துண்டு காந்தம் சுருளுக்கு மேலே ஆடுகிறது. அதாவது, வாசிப்பவர் ஒவ்வொரு முறை தந்தியை மீட்டும்போதும், ஃபாரடே 1831இல் கையால் செய்த சோதனையைத் தந்தி தன் அதிர்வெண்ணில் திரும்பத் திரும்பச் செய்துகாட்டுகிறது. நைலான் தந்தி காந்தமாகாது என்பதால் அதைக் கட்டினால் இந்தப் பிக்கப் ஊமையாகிவிடும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்ப்போம். 110 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஐந்தாம் தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேலும் கீழுமாக ஆடினால், ஓர் அதிர்வில் ஒருமுறை காந்தத்தை நெருங்கி ஒருமுறை விலகுகிறது; பாயம் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது; 110 ஹெர்ட்ஸ் மின்னலை கிடைக்கிறது. அதே தந்தி பக்கவாட்டில் ஆடினால் என்ன ஆகும்? துருவத்துக்கு நேர் மேலிருந்து இடப்பக்கம் விலகினாலும் பாயம் குறைகிறது, வலப்பக்கம் விலகினாலும் குறைகிறது. ஓர் அதிர்வுக்குள் பாயம் இருமுறை ஏறி இறங்குவதால், மெல்லியதாக 220 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி மேலே உள்ள சுரம் தோன்றுகிறது. உண்மையில் மீட்டிய தந்தி எந்த ஒரு திசையிலும் நேராக ஆடுவதில்லை. அது நீள்வட்டமாகச் சுழல்கிறது. அந்த நீள்வட்டமும் மெல்லத் திசை திரும்பிக்கொண்டே இருக்கிறது. அதனால், மீட்டிவிட்டுக் கையை எடுத்த பிறகும் சுரத்தின் நிறம் தேய்ந்து மறையும்வரை மாறிக்கொண்டிருக்கிறது. இத்தனையும் அரை அங்குல உயரமுள்ள ஒரு சுருளுக்கும் ஒரு தந்திக்கும் இடையில் நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

பிரையன் மே சந்தித்த சிக்கல் ஒன்றும் இதிலிருந்தே புரியும். அவர் முதலில் பிக்கப்களையும் தாமே சுற்றினார். அவற்றில் அடுத்தடுத்த தந்திகளுக்கு அடியில் இருந்த காந்தங்கள் வடக்கு, தெற்கு என்று மாறி மாறி அமைந்திருந்தன. தந்தியை நேராக வாசித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் சுரத்தை உயர்த்துவதற்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வளைத்தபோது ஒலி விகாரப்பட்டது. இழுபட்ட தந்தி ஒரு வடதுருவத்தின் ஆட்சியிலிருந்து அடுத்த தென்துருவத்தின் ஆட்சிக்குப் போகிறது. நடுவில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடத்தில் தந்தி காந்தத்தன்மையை இழக்கிறது. அதைக் கடந்தபின் அதன் துருவம் தலைகீழாகிறது. எல்லாக் காந்தங்களும் ஒரே துருவத்தை மேலே காட்டினால் நடுவில் புலம் சற்றுத் தாழுமே தவிர அழிந்துபோகாது. அவர் இறுதியில் பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்களை வாங்கி, சுருள்கள் அதிர்ந்து கீச்சிடாதபடி அரால்டைட் பசையை ஊற்றி உறையவைத்துப் பொருத்தினார்.

பிக்கப் எங்கே இருக்கிறது என்பதும் குரலைத் தீர்மானிக்கிறது. ஒரு தந்தி அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்குச் சீரிசைகளையும் சேர்த்தே அதிர்கிறது. ஒவ்வொரு சீரிசைக்கும் தந்தியில் அசையாத கணுப்புள்ளிகள் உண்டு. 648 மி.மீ. நீளமுள்ள தந்தியில் குதிரையிலிருந்து 162 மி.மீ. தொலைவில், அதாவது கால்பங்கு நீளத்தில், பிக்கப்பை வைத்தால் நான்காம் சீரிசையின் கணு சரியாக அங்கே விழுகிறது. அந்தச் சீரிசை பிக்கப்பின் பார்வையில் இல்லவே இல்லை. அடிப்படை அதிர்வோ அங்கே வலுவாக இருப்பதால் குரல் கனிந்து ஒலிக்கும். குதிரைக்கு 40 மி.மீ. அருகில் கொண்டுபோனால் அடிப்படை அதிர்வு சுருங்கி, உயர் சீரிசைகள் முன்னே வர, குரல் கூர்மையாகிறது. ஒரே பலகை, ஒரே தந்தி. சில அங்குல இடமாற்றத்தில் இரண்டு கருவிகளின் குரல் கிடைத்துவிடுகிறது. இதைக் காதால் கேட்டவர்களுக்கு மரத்தின் பங்கு எவ்வளவு சிறியது என்பது விளங்கிவிடும்.

இதற்குமேல் சுருளுக்கே ஒரு குரலும் உண்டு. சுமார் 2.5 ஹென்றி மின்தூண்டல் கொண்ட சுருளை ஐந்து மீட்டர் கேபிளால் ஒலிபெருக்கியுடன் இணைத்தால், கேபிளும் சுருளும் சேர்ந்து 600 பிக்கோஃபாரட் அளவுக்கு மின்தேக்கியாகச் செயல்படும். இரண்டும் ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கின்றன. நம் காது மிகவும் கூர்மையாகக் கேட்கும் எல்லை அது. சுற்றுகளைக் கூட்டினால் ஒலி வலுப்படும், ஆனால் ஒத்ததிர்வு கீழிறங்கிக் குரல் மங்கும்.

அப்படியானால் மரத்துக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. அது பளு தாங்கும் வேலை. ஆறு தந்திகளும் சேர்ந்து 45 கிலோ எடைக்கு நிகராகக் கழுத்தை இழுக்கின்றன. ஆகவே, பணத்தைச் சேமிக்க வேண்டிய இடம் உடற்பகுதி. கவனத்தைச் செலவிட வேண்டிய இடம் கழுத்து. முடிச்சில்லாத, நேர்நரம்பு ஓடும், நன்றாக உலர்ந்த சட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் எஃகுக் கம்பி ஒன்றைப் பதித்தால் பல ஆண்டுகள் வளையாமல் நிற்கும். விரற்பலகைக்கு ஈட்டி மரம்தான் வேண்டும் என்ற நம்பிக்கையை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி உட்பட அந்த இனத்து மரங்களின் பன்னாட்டு வணிகத்துக்கு 2017இல் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டிய நிலை வந்தது. காட்டின் மரத்தைக் கேட்டுப்பெறும் அளவுக்கு அந்தத் தேவைக்கு இயற்பியலில் வலுவான ஆதாரம் இல்லை. பிரையன் மேயின் விரற்பலகை கறுப்புப் பூச்சுப் பூசிய ஓக்.

விரற்பலகையில் குறுக்கே பதிக்கும் ஃப்ரெட் கம்பிகளின் இடத்தைக் கணக்கிடுவது எளிது. மீதமிருக்கும் தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டின் தொலைவு வரும்: 648 மி.மீ. நீளத்துக்கு முதல் ஃப்ரெட் 36.37 மி.மீ.; இரண்டாவது அங்கிருந்து 34.33 மி.மீ.; பன்னிரண்டாவது சரிபாதியான 324 மி.மீ. ஆனால் குறிக்கும்போது முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளக்காமல், ஒவ்வொன்றையும் கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் தலைப்பட்டியிலிருந்தே அளக்க வேண்டும். இல்லையெனில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். தந்தியை அழுத்தும்போது அதன் இழுவிசை சற்றே கூடுவதால், குதிரையைக் கணக்குக்கு ஓரிரு மி.மீ. பின்னால் தள்ளி, நகர்த்தக்கூடியதாக அமைக்க வேண்டும்.

பிக்கப் சுற்றுவதற்கு 0.06 மி.மீ. தடிமனுள்ள எனாமல் தாமிரக் கம்பி வேண்டும். நம் ஊர் அளவில் 46 கேஜ் என்று கேட்க வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கம்பி இதைவிடப் பல மடங்கு தடிமனானது, அது உதவாது. இரண்டு மெல்லிய ஃபைபர் தகடுகளுக்கு நடுவில் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த ஆறு அல்னிகோ காந்தங்களை நிறுத்தி, ஏறத்தாழ 8,000 சுற்றுகள் சுற்றினால், ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கம்பி தீப்பெட்டி அகலத்துக்குள் அடங்கிவிடும். கம்பியைத் துணித்துண்டு சுற்றிய இரு விரல்களுக்கிடையே இழுத்துவிட வேண்டும். இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் உப்பிவிடும். எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது: மலிவான கால்குலேட்டரின் சமக்குறி விசையோடு காந்தம் அருகில் வந்தால் தானாக இணையும் ரீட் சுவிட்ச் ஒன்றை இணைத்து, சுழலும் சக்கரத்தில் சிறு காந்தத்தை ஒட்டிவிட்டு, ஒன்றுடன் ஒன்றைக் கூட்டத் தொடங்கினால், ஒவ்வொரு சுற்றுக்கும் எண் ஒன்று ஏறும். நியோடிமியம் காந்தங்களைத் தவிர்ப்பது நல்லது. அவை தந்தியையே பிடித்திழுத்து அதன் அதிர்வைக் குலைத்துவிடும். சுற்றி முடித்ததும் உருகிய மெழுகில் ஊறவைக்க வேண்டும்.

மின்காந்தத் தூண்டலை நம் மாணவர்கள் சூத்திரமாகப் படித்து, தேர்வில் எழுதி, மறந்துவிடுகிறார்கள். பள்ளி ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதியைக் கம்பிக்கும் காந்தத்துக்கும் செலவிட்டு, ஒவ்வொரு குழுவும் தாமே சுற்றிய சுருளில் ஒரு தந்தியின் குரலைக் கேட்கும்படி செய்தால், அந்த விதி அவர்களை விட்டு எளிதில் போகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை, தொடக்கநிலையில் இருப்பவர்கள் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சுற்றைத் தாமே கட்ட முற்பட வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும், ஒலிச்சைகையைப் பெருக்கும் எல்.எம். 386 சில்லு ஒன்றே போதும். அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. குவீன் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் டீக்கன், குப்பைத்தொட்டியில் கண்டெடுத்த ஒரு மின்சுற்றுப் பலகையைக் கொண்டு கட்டிய சிறிய ஒலிபெருக்கியும் 9 வோல்ட் பேட்டரியில்தான் இயங்கியது. அந்தக் குழுவின் ஒலிப்பதிவுகளில் பல கிட்டார்கள் அடுக்கடுக்காக ஒலிக்கும் பகுதிகள் பலவற்றை, பிரையன் மே தம் கணப்புமரக் கிட்டாரை அதில் இணைத்தே பதிவுசெய்தார்.