கால் போன மாட்டை யார் பாத்துக்குவாங்க? வள்ளலார் காப்பகத் திட்டமும் சட்டமும்

சொந்தக்காரர் ஒருத்தர் போன் பண்ணாரு, கிடாரி ரோட்ல அடிபட்டு பின்னங்கால் போயிடுச்சாம், கவர்மெண்ட்ல இதுக்கு மாசாமாசம் ஏதாச்சும் தருவாங்களான்னு கேட்டாரு. ஊனமான மாட்டுக்கு பென்ஷன் மாதிரி நம்ம கைக்கு வர்ற பணம்னு நினைச்சுடாதீங்க, உதவி போறது காப்பகம் நடத்துறவங்களுக்கு.

தமிழ்நாட்டுல அதுக்குன்னு இருக்கறது வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள் திட்டம். வள்ளலாரோட 200வது பிறந்தநாளை ஒட்டி 2022-23 பட்ஜெட்ல அறிவிச்சாங்க, 20 கோடி ரூபாய். கைவிடப்பட்ட, அடிபட்ட பிராணிகளை வச்சு பராமரிக்கற தொண்டு நிறுவனங்களுக்கு உதவறது தான் நோக்கம். தெருநாய்க்கு மட்டும்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, அப்படி இல்ல, ஆடு மாடும் இதுல வரும்.

ஆனா மாட்டை ஏத்திட்டுப் போய் இறக்கிடலாம்னு கிளம்பிடாதீங்க, முதல்ல போன் பண்ணி இடம் இருக்கான்னு கேளுங்க. மாடு ஒண்ணு ஒரு நாளைக்கு பசுந்தீவனமே 20, 25 கிலோ தின்னும், வைக்கோல் தனி, அதுவும் பால் தராத ஜீவன், இன்னும் பத்து பன்னெண்டு வருஷம் இருக்கும், அதனால நல்ல காப்பகமே கையை விரிக்கறது உண்டு. ஆடு மூணு கால்லயே ஓடி ஆடி பிழைச்சுக்கும். மாடு அப்படி இல்ல, 300 கிலோ வெயிட்டும் மிச்ச கால்ல இறங்கும், ஒரே பக்கமா படுத்தே கிடந்தா புண்ணு வச்சுடும், நாளைக்கு பல தடவை புரட்டிப் போடணும், தூக்கி நிறுத்த ஆள் வேணும். அதனால அங்க மெத்தையா வைக்கோல் போட்ட கொட்டகை இருக்கா, டாக்டர் ரெகுலரா வர்றாரான்னு நேர்ல போய் பாத்துட்டு விடுங்க.

சட்டத்துக்கு வருவோம். 1960 பிராணி வதைத் தடுப்புச் சட்டம் 11வது பிரிவுப்படி மாட்டை அம்போன்னு விட்டுட்டுப் போறதும், தீனி தண்ணி கொடுக்காம போடறதும், நொண்டற மாட்டை வண்டியில பூட்டறதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்ளோ தெரியுமா, 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய் வரைக்கும், டீ செலவு கூட அதை விட ஜாஸ்தி. ஆனா 35வது பிரிவு கொஞ்சம் பல்லு உள்ளது: கேஸ் ஆன மாட்டை மாஜிஸ்ட்ரேட் காப்பகத்துக்கு அனுப்பி வைக்கலாம், கொண்டு போற செலவு, தீனி, வைத்தியம் எல்லாம் ஓனர் தலையில தான் விழும்.

இன்னொரு பக்கம் 1958 தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. வயசு 10க்கு மேல ஆகி உழைக்கவும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லைன்னாலோ, அடிபட்டோ ஊனத்தாலயோ நிரந்தரமா முடியாம போனாலோ, அறுக்க சர்டிபிகேட் தரலாம்னு சொல்லுது. அதாவது கால் போனதே அடிமாடு ஆக ஒரு தகுதி! பசு, கிடாரிக்கு மட்டும் 1976ல வந்த அரசாணை கசாப்புக் கூடத்துல தடை போட்டிருக்கு, காளை எருமைக்கு அது இல்ல. தரகர் வீட்டு வாசல்ல வந்து நிக்கறப்போ இது ஞாபகம் இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் போட்டிருந்தா பாலிசியில நிரந்தர ஊனத்துக்கு கவர் சேத்திருக்கான்னு பாருங்க, சாவுக்கு மட்டும் போட்டிருந்தா கால் போனதுக்கு பைசா வராது. காது டேக் விழுந்துடுச்சுன்னா உடனே சொல்லி வேற போட்டுடுங்க, டேக் இல்லைன்னா க்ளைம் இல்ல.

அடிபட்ட உடனே கூப்பிட வேண்டிய நம்பர் 1962, கால்நடை ஆம்புலன்ஸ். ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில மத்திய விலங்குகள் நல வாரியம் ஆரம்பிச்சதும் 1962ல தான், தற்செயலா இருக்கும். அந்த வாரியம் நம்ம சென்னையில தான் இருந்துச்சு, 2018ல ஹரியானாவுக்கு மாத்திட்டாங்க. காப்பகத்துக்கு அவங்க அங்கீகாரம் இருக்கான்னும் கேட்டுக்கோங்க.

மாட்டை ஒப்படைக்கறப்போ டேக் நம்பர், தேதி, டாக்டர் சீட்டு காப்பி வச்சு ஒரு லெட்டர் எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. நாளைக்கு நீங்க ரோட்ல விட்டுட்டீங்கன்னு யாராச்சும் புகார் கொடுத்தா காட்ட அது தான் இருக்கும்.