டைம்ஷேர் வாங்கிய இரவும் மறுநாள் காலையும்

கையெழுத்துப் போட்டாயிற்று. கைகுலுக்கினார்கள், வாழ்த்தினார்கள், கையில் ஓர் ஒப்பந்தக் கோப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகு வயிற்றுக்குள் ஏதோ பிசைகிறது. எழுந்து கோப்பைத் திறந்தால், விற்பனைக் கூட்டத்தில் யாரும் நிறுத்தி வாசித்துக் காட்டாத ஒரு வரி கண்ணில் படுகிறது: பராமரிப்புக் கட்டணத்தை ஆண்டுதோறும் செலுத்த வேண்டும், அந்தத் தொகை உயரலாம். அவசரப்பட்டுவிட்டோமோ?

சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கோப்பை மூடிவிட்டுத் தூங்குகிறோம். காலையில் பிசைவு குறைந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கட்டணமும் அப்படியேதான் இருக்கிறது. பிறகு குறைந்தது எது? இந்தக் கேள்விக்கு உளவியல் ஆய்வகங்களில் அறுபது எழுபது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் விடை டைம்ஷேர் வாங்கியவர்களுக்கு மிகவும் தேவையானது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்தக் காலைப்பொழுதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

முதலில் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. டைம்ஷேர் என்பது ஒரு விடுமுறை விடுதியை ஆண்டில் சில நாட்கள், பெரும்பாலும் ஒரு வாரம், பயன்படுத்தும் உரிமை. 1960-களில் ஐரோப்பாவில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் ஹாபிமாக் நிறுவனம் 1963-இல் உருவானது. ஒரே அறையின் ஆண்டை வாரங்களாகப் பிரித்து ஏறத்தாழ ஐம்பது பேருக்கு விற்கலாம். இப்போது வாரங்களுக்குப் பதிலாக, தங்கும் நாட்களாக மாற்றிக்கொள்ளக்கூடிய புள்ளிகளையும் விற்கிறார்கள். விலையில் பெரும் பங்கு விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. அதனால்தான் வாங்கியவர் அதை மறுபடி விற்கப் போனால் விலை பாதாளத்துக்கு இறங்குகிறது. அவரிடம் அந்த விற்பனைக் கூடம் இல்லை, பரிசுகள் இல்லை, பயிற்சி பெற்ற விற்பனையாளர்கள் இல்லை. மிஞ்சுவது ஒரு வார உரிமையும் அதனுடன் ஒட்டிக்கொண்ட ஆண்டுக் கட்டணமும் மட்டும்.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருவோம். டைம்ஷேர் பெரும்பாலும் விடுமுறையில் இருப்பவரிடம்தான் விற்கப்படுகிறது. சூட்டோடு சூடாக எடுக்கும் முடிவில் மனிதர்கள் ஒரு தவறை மறுபடி மறுபடி செய்கிறார்கள்: இப்போது இருக்கும் மனநிலை எப்போதும் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஜார்ஜ் லோவன்ஸ்டைன் போன்ற பொருளியல் உளவியலாளர்கள் இதைப் பல கோணங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. தபால் வழியாகக் குளிர்கால உடைகளை வாங்கியவர்களின் பதிவுகளை அதில் அலசினார்கள். கடுங்குளிர் நாளில் ஆர்டர் செய்தவர்கள், அந்த உடைகளைத் திருப்பி அனுப்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அன்றைய குளிர், வரப்போகும் மாதங்களின் தேவையையும் சேர்த்து முடிவு செய்துவிட்டது. விடுமுறையில் ஓய்ந்திருக்கும் மனம், வேலையில் மூழ்கிக் கிடக்கும் அடுத்த பத்து ஆண்டுகளுக்கும் விடுமுறை வாங்குவது இதே தவறுதான்.

அதோடு இலவசமாகக் கிடைத்த பரிசுக் கூப்பனும் உபசரிப்பும். டென்னிஸ் ரீகன் 1971-இல் வெளியிட்ட சோதனையில், கேட்காமலேயே ஒரு குளிர்பானம் வாங்கித் தந்தவரிடம் மக்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு பரிசுச்சீட்டுகளை வாங்கினார்கள். வாங்கிக்கொண்ட கைக்கு மறுப்பது கடினம். இது தனிமனிதரின் பலவீனமே இல்லை. மனிதர்கள் சேர்ந்து வாழ உதவும் ஒரு நல்ல குணத்தைத்தான் அந்தக் கூடம் பயன்படுத்திக்கொள்கிறது.

அப்புறம் இரவு வருகிறது, வருத்தமும் வருகிறது.

வருத்தம் வேறு, ஏமாற்றம் வேறு. மழை வந்து பயணம் கெட்டால் அது ஏமாற்றம். மழை வரும் என்று தெரிந்தும் கிளம்பியிருந்தால் வருத்தம். நடந்ததை, நடந்திருக்கக்கூடிய இன்னொன்றோடு ஒப்பிட்டு, 'அதை நான் தேர்ந்தெடுத்திருக்கலாமே' என்று தன்னையும் அதில் வைத்துப் பார்த்தால்தான் வருத்தம் பிறக்கும். கண்ணுக்குப் பின்னால், நெற்றியின் அடிப்பகுதியில் இருக்கும் மூளைப் பகுதி இதற்கு இன்றியமையாதது. 2004-இல் நதாலி கமீயும் குழுவினரும் அந்தப் பகுதியில் சேதமடைந்தவர்களை ஒரு சூதாட்டச் சோதனையில் உட்கார வைத்தார்கள். இரண்டு சக்கரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவில் மற்றச் சக்கரம் என்ன தந்திருக்கும் என்பதையும் காட்டினார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து நொந்துகொண்டார்கள். சேதமடைந்தவர்களோ கிடைத்ததற்கு மகிழ்ந்தார்கள் அல்லது ஏமாற்றமடைந்தார்கள், அவ்வளவுதான். கைவிட்ட சக்கரம் அவர்களைத் தொடவே இல்லை. நொந்துகொண்டவர்கள் போகப்போக வருத்தம் தரக்கூடிய தேர்வுகளைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டார்கள். இவர்கள் கற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே அன்றிரவு வயிற்றைப் பிசைவது, பழுதில்லாத மூளை தன் வேலையைச் செய்வது. பகல் முழுவதும் ஒருவர் பேச்சை மட்டும் கேட்டிருந்த நீங்கள், முதன்முறையாக மறுபக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறீர்கள்.

ஆனால் மூளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'நான் யோசித்து நடப்பவன்' என்ற எண்ணமும் 'யோசிக்காமல் பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போட்டேன்' என்ற உண்மையும் ஒரே மனதில் சேர்ந்து இருக்க முடியாது. லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் இதைத்தான் அறிவு முரண்பாடு என்று விளக்கினார். முரண்பாடு வலிக்கும். அதைத் தீர்க்க ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும். கையெழுத்தை மாற்றுவது கடினமாகத் தோன்றுவதால், மனம் தன் கருத்தை மாற்றிக்கொள்கிறது. ஜாக் பிரெம் 1956-இல் சில பெண்களிடம் வீட்டு உபயோகப் பொருட்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் சொன்னார். தேர்ந்தெடுத்த பிறகு மறுபடி மதிப்பெண் கேட்டபோது, எடுத்துக்கொண்டதன் மதிப்பு ஏறியிருந்தது, விட்டதன் மதிப்பு இறங்கியிருந்தது. (இந்த வகைச் சோதனையின் கணக்கிடும் முறையிலேயே ஒரு கோளாறு உண்டு என்று கீத் சென்னும் ஜேன் ரைசனும் 2010-இல் காட்டினார்கள். அதைச் சரிசெய்து நடத்திய பிந்தைய சோதனைகளிலும் இந்த விளைவு தென்பட்டது.) 1957-இல் வெளியான இன்னோர் ஆய்வில், புதிதாகக் கார் வாங்கியவர்கள் தாங்கள் வாங்கிய காரின் விளம்பரங்களையே, வாங்காமல் விட்டவற்றின் விளம்பரங்களைவிட அதிகமாகப் படித்தார்கள். வாங்கிய பிறகும் விளம்பரம் படிக்கிறோம், மனதுக்கு ஆறுதல் தேடி.

மறுநாள் காலை பிசைவு குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பளபளப்பான கையேட்டைப் புரட்டுகிறோம், குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்கிறோம், நல்லதாகவே நடக்கும் என்கிறோம். நல்ல மனதுடன்தான் இதைச் செய்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பல நாடுகளின் சட்டங்கள் டைம்ஷேர் வாங்கியவருக்கு மனம் மாற அவகாசம் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு ஆணைப்படி 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம்; அந்த நாட்களில் முன்பணம் வாங்கவும் தடை உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 10 நாட்கள். எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து என்பது இடத்துக்கு இடம் மாறும். கோப்பைத் திறந்ததும் முதலில் தேட வேண்டிய பக்கம் இதுதான். விலகுவதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அனுப்பியதற்கும் கிடைத்ததற்கும் சான்று இருக்கும்படி அனுப்ப வேண்டும். தொலைபேசியில் சொன்னால், நீங்கள் திரும்பவும் அந்தக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மனம் ஆறும் வரை காத்திருந்து முடிவெடுக்கலாம் என்ற வழக்கமான அறிவுரை இங்கே மட்டும் தலைகீழாகிறது. காத்திருந்தால் உண்மைகள் கூடுவதில்லை, சமாதானங்கள்தான் கூடும். அதனால் அன்றிரவே ஒரு தாளில், தோன்றிய சந்தேகங்களை அப்படியே எழுதிவையுங்கள். மொத்த விலை, கடனாக வாங்கியிருந்தால் அதன் வட்டி, ஆண்டுக் கட்டணம், கடந்த சில ஆண்டுகளில் உண்மையில் எத்தனை நாள் விடுமுறை எடுத்தீர்கள் என்ற கணக்கு. மறுநாள் கையேட்டுக்கு முன்னால் இந்தத் தாளைப் படியுங்கள். மனம் மாறுவதற்குள் எழுதிய சாட்சி அது.

ஒரு விசித்திரம். டேனியல் கில்பர்ட்டும் ஜேன் ஈபர்ட்டும் 2002-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் தாங்கள் எடுத்த இரண்டு புகைப்படங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். சிலருக்குப் பின்னர் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது, சிலருக்கு இல்லை. மாற்ற முடியாதவர்களுக்கே தங்கள் படம் அதிகம் பிடித்திருந்தது. கதவு திறந்திருக்கும்போது மனம் ஓயாது. கதவு சாத்தியதும் சமாதானமாகிவிடும். விலகும் நாட்களில் தவிப்பாக இருப்பது இயல்பு. 'போதும், இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம்' என்று கதவைத் தாமே சாத்திக்கொள்ளும் ஆசைக்கும் இந்தத் தவிப்பே காரணம்.

நாட்கள் தாண்டிவிட்டால்?

தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990-களில் கண்டது இது: செய்துவிட்ட காரியத்துக்கான வருத்தம் உடனே சுடும், பிறகு ஆறும். செய்யாமல் விட்டதற்கான வருத்தம் மெல்ல வரும், நெடுநாள் தங்கும். டைம்ஷேரில் முதலாவது இரண்டாவதாக மாறிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஏன் வாங்கினோம்' என்பது ஓய்ந்த பிறகு 'ஏன் அப்போதே விலகவில்லை' என்பது தங்கிவிடுகிறது. மற்றத் தவறான கொள்முதல்களை அலமாரியில் போட்டு மறக்கலாம். இதுவோ ஆண்டுக்கொரு கட்டணச் சீட்டை அனுப்பி நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சீட்டு வரும்போது இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. முதலாவது, 'இவ்வளவு கட்டிவிட்டோம், இப்போது விடுவதா' என்பது. ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், நாடகப் பருவச் சீட்டுக்கு முழு விலை கொடுத்தவர்கள், எதிர்பாராமல் தள்ளுபடி கிடைத்தவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் அதே நாடகம்தான். போகச் சொன்னது கொடுத்த பணம். டைம்ஷேரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த உரிமையை இன்று யாராவது இலவசமாகத் தந்தால், வரும் ஆண்டுகளின் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்வேனா? வாங்கிக்கொள்வேன் என்றால் வைத்துக்கொண்டு நன்றாகப் பயன்படுத்தலாம். ஆண்டுதோறும் தவறாமல் போய் மகிழ்ந்திருக்கிறவர்களும் உண்டு. மாட்டேன் என்றால் வெளியேறும் வழியைத் தேட வேண்டும். கொடுத்த விலை இந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

இரண்டாவது பொறி இன்னும் கொடியது. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் காட்டியபடி, லாபத்தில் பதுங்கும் மனிதர்கள் நட்டத்தில் துணிந்து சூதாடுவார்கள். விட்டதைப் பிடிக்கப் போய் உள்ளதையும் விடுவது இப்படித்தான். இதை நன்கு தெரிந்தவர்கள் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள்: உங்கள் டைம்ஷேருக்கு நல்ல விலை தர ஆள் தயார், முதலில் ஒரு கட்டணம் மட்டும் கட்டுங்கள். அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் இந்த மோசடியைப் பற்றி ஆண்டுக்கணக்காக எச்சரித்து வருகின்றன. முன்பணம் கேட்டாலே விலகிக்கொள்வது நல்லது. திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடமே உரிமையைத் திரும்ப ஒப்படைக்கும் வழி இருக்கிறதா என்று எழுதிக் கேட்பதற்குச் செலவில்லை. அது பலிக்காவிட்டால், அந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டலாம்.

இந்தத் தொலைபேசி மோசடிக்கு வெட்கம் பெரிய உதவி. முதல் தவறை வெளியே சொல்லாதவர் இரண்டாவது அழைப்பைப் பற்றியும் யாரிடமும் கேட்கமாட்டார். டெர்ரி கானலியும் மார்செல் ஜீலன்பெர்கும் 2002-இல் எழுதிய விளக்கத்தில் வருத்தத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: முடிவின் பலன் மோசம் என்பது ஒன்று, முடிவெடுத்த விதத்துக்காகத் தன்னையே குற்றம் சொல்வது இன்னொன்று. பலன் மோசம் என்பதை மறைக்க வேண்டியதில்லை, கணக்கில் இருக்கிறது. குற்றத்தில் எவ்வளவு நம்முடையது என்பதைத்தான் நிதானமாக அளக்க வேண்டும். மணிக்கணக்கில் உட்கார வைத்து, 'இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை' என்று நெருக்கி, குளிர்காலத்தில் கம்பளி விற்பதுபோல விடுமுறையில் விடுமுறையை விற்ற கூடத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

கணவன் மனைவியாக வாங்கியவர்களிடம் இந்த அளவீடு இன்னும் தப்பிப்போகிறது. முதலில் தலையாட்டியது யார் என்ற கேள்வி வீட்டில் வந்துவிட்டால், கோப்பைத் திறக்கவே இருவருக்கும் பயம். அந்தப் பேச்சை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு, இருவரும் ஒரே பக்கமாக உட்கார்ந்து ஒப்பந்தத்தின் தேதியையும் விலகல் விதியையும் சேர்ந்து படிப்பதில் தொடங்கலாம்.