ஐ.சி.யில் இருக்கும் பெயரும் அவருடைய பெயரும்

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்து விழும் போலீஸ் அறிக்கையை 20 நிமிடத்தில் தமிழாக்கிப் பக்கத்துக்கு அனுப்புவதுதான் பல வருடங்களாக என் வேலை. கோலாலம்பூரில் தமிழ்ப் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த ஓட்டம் நன்றாகத் தெரியும். அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

சாலை விபத்து, லாரி மோதி ஒருவர் பலி. மலாய் அறிக்கையில் 'லெலாக்கி தெம்பாத்தான்' என்று இருந்தது. பெயருக்கு நடுவில் 'ஏ/எல்', அதாவது இன்னாரின் மகன். 'உள்ளூர் ஆடவர் மரணம்' என்று தலைப்புப் போட்டேன். இறந்தவர் சுரிதார் அணிந்திருந்ததாக நிருபர் சொன்னதால், 'பெண் உடையில் இருந்த அந்த ஆடவர்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். விபத்துக்கும் உடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படிப்பவர்கள் நின்று படிப்பார்கள் என்றுதான் சேர்த்தேன்.

மறுநாள் மதியம் செந்தூலிலிருந்து ஓர் அக்கா ஆபீசுக்கு வந்தார். இறந்தவரைப் போல அவரும் திருநங்கை. பேப்பரை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். கோபப்படவில்லை. "தம்பி, இதுல போட்டிருக்கிறது யாரு?" என்று கேட்டார். "இந்தப் பேருல எங்க யாருக்கும் ஆளத் தெரியாது. பேப்பரப் பாத்தும் செத்தது அவதான்னு பாதிப் பேருக்குத் தெரியல. காலையில தூக்கிட்டாங்க. கடைசியா முகத்தப் பாக்க வரவேண்டியவங்க வரல."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மரியாதைக் குறைவு என்று யாராவது சொல்லியிருந்தால் 'போலீஸ் கொடுத்ததைத்தான் போட்டோம்' என்று வாதாடியிருப்பேன். இறந்தது யார் என்பதைத்தான் மரணச் செய்தி முதலில் சொல்ல வேண்டும். என் செய்தி அதையே சொல்லவில்லை. அதனால்தான் இதைப் பரிவு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நான் பார்ப்பதில்லை. தெருவே ஒரு பெயரில் அறிந்திருந்தவரை வேறு பெயரில் எழுதினால், அது தகவல் பிழை.

நம் ஊரில் இந்தப் பிழை நுழையும் வழி ரொம்பச் சின்னது. மலேசியத் தமிழர்களின் ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' நிற்கும், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று. ஐ.சி. எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். இதை மாற்றுவது லேசான காரியம் இல்லை. 2005-ல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒரு திருநங்கைக்கு அனுமதி கொடுத்தது. 2016-ல் ஒரு திருநம்பிக்கும் உயர் நீதிமன்றத்தில் கிடைத்தது, மறு வருடமே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே ஒருவர் எத்தனை வருடம் பெண்ணாக வாழ்ந்திருந்தாலும், போலீஸ் அறிக்கையில் அவர் 'ஏ/எல்'லாகத்தான் வருவார். போலீஸ்காரர் தன் கோப்பில் இருப்பதை எழுதுகிறார். நாம் இன்னும் இரண்டு போன் செய்ய வேண்டும்: கூட இருந்தவர்களுக்கு ஒன்று, வேலை செய்த இடத்துக்கு ஒன்று. அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டால் போதும்.

அப்புறம் இலக்கணம். மலாயில் 'டியா' என்ற ஒரே சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் போதும். தமிழில் 'அவர்' இருக்கிறது. வந்தார், சொன்னார், இறந்தார் என்று முழுச் செய்தியையும் தடங்கலில்லாமல் எழுதிவிடலாம். இவ்வளவு வசதியான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'அவன்' என்று ஏன் இறங்குகிறோம்? கைதானவர்களை 'அவன்' என்று எழுதும் பழைய பழக்கம்தான் திருநங்கைகள் மீதும் வந்து விழுகிறது. கைதானவர் யாராக இருந்தாலும் 'அவர்' என்றே எழுதுவதுதான் சரி என்பது என் கட்சி.

பெயர்ச்சொற்களில் பெரிய சிக்கல் இல்லை. பிறப்பில் ஆண் என்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை, பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. எல்லோரையும் 'திருநங்கை' என்று ஒரே கூடையில் போடக் கூடாது. தமிழ்நாடு அரசு 2022-ல் இதற்கென ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது, அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மலாயில் 'மாக் ஞா' என்பது இழிசொற்களுக்கு மாற்றாகத் திருநங்கைகளே 1980களில் உண்டாக்கிக்கொண்ட சொல். 'பொண்டான்' அந்த இழிசொற்களில் ஒன்று. அதைப் பேட்டியில் யாராவது சொன்னாலும் தலைப்பில் ஏற்றாதீர்கள். 'தன்னைப் பெண் என்று கூறிக்கொள்ளும்' என்ற வால் வேண்டாம். பெயரைச் சுற்றி மேற்கோள் குறியும் வேண்டாம், அது வாசகரைப் பார்த்துக் கண்ணடிப்பது மாதிரி.

செய்திக்குத் தேவையே இல்லாமல் ஒருவர் திருநங்கை என்று எழுதுவது இன்னும் பெரிய ஆபத்து. இங்கே அது ஒருவரை வழக்கில் மாட்டிவிடும். 1997-ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேச ஷரியா குற்றவியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, பொது இடத்தில் ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காகப் பெண் உடை அணியும் முஸ்லிம் ஆணுக்கு 1,000 ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. தமிழ் முஸ்லிம் திருநங்கைகள் சட்டத்தின் கண்ணில் அந்த 'ஆண்'தான். மற்றவர்களுக்கு வேலை போகலாம், வாடகை வீடு போகலாம். கடை பெயர், தாமான் (குடியிருப்பு) பெயர், முகம் தெரியும் படம் மூன்றும் ஒரே செய்தியில் வந்தால் ஆளைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். அதனால் கேட்டு எழுதுங்கள். பேச ஒப்புக்கொண்டது வேறு, படம் போட ஒப்புக்கொண்டது வேறு.

2018 ஆகஸ்டில் பினாங்கு ஜார்ஜ் டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து நிஷா ஆயூப்பின் படம் அகற்றப்பட்டது. 2016-ல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் அனைத்துலக வீரப் பெண்கள் விருது பெற்ற முதல் திருநங்கை அவர். அப்படி ஒருவரைப் பற்றி எழுதும்போது விருதும் சமூகப் பணியும் முதல் பத்தியில் வரவேண்டும். அவர் உடம்பைப் பற்றியோ பழைய பெயரைப் பற்றியோ வாசகருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

நீதிமன்றச் செய்தியில் மட்டும் சில சமயம் குற்றப்பத்திரிகைப் பெயரைத் தவிர்க்க முடியாது. அப்போதும் அவர் புழங்கும் பெயரில் செய்தியைத் தொடங்கி, பதிவுப் பெயரை ஒரே ஓர் இடத்தில் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

அந்த அக்கா வந்த அன்றே இணையத்தில் செய்தியைத் திருத்தினேன். அச்சில் திருத்தம் போட ஆசிரியரிடம் இரண்டு நாள் கேட்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் ஆறாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது, அவருடைய பெயரோடு. எட்டாம் நாள் படையலுக்கு என்னையும் அழைத்தார்கள். வீட்டு வாசலில் அந்த நான்கு வரியை வெட்டி, படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள்.